ஹந்தானை மலையும் எங்கள் லேபில் இருக்கும் 14 கம்பியூட்டர்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸில் இருக்கிறவர்கள் வாசியுங்கள், அடுப்பில் சோறு வைத்திருப்பவர்கள் இறக்கிவிட்டு வாருங்கள்.

போன சனிக்கிழமை பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் நான் எழும்பிப் பேசியது சிலருக்குப் பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். "டீச்சர் பழைய இரும்பைக் கட்டிப் பிடிச்சிட்டு ஈக்கிறா" என்று ஒருவர் சொன்னாராம். அன்றைக்கு நேரம் போதவில்லை. சொல்ல வந்ததை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

விடயம் இதுதான். எங்கள் லேபில் 14 கம்பியூட்டர்கள். ஒன்றும் ஒரே ஜாதி இல்லை. ஒரு பழைய மாணவர் தன் அலுவலகத்தில் கழித்தவற்றைத் தந்தார், வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் இரண்டைத் தந்தது, மிச்சம் எப்போதோ வந்தவை. ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட இவற்றுக்கு வயது இடம் தராது. ஆகவே 14ஐயும் கழித்துவிட்டுப் புதிதாக வாங்குவோம், ஒன்று ஒன்றரை லட்சம் என்றாலும் 21 லட்சம், ஊரில் சேர்ப்போம் என்பது தீர்மானம். நல்ல எண்ணம்தான். ஆனால் 21 லட்சம் சேரும் வரைக்கும் தரம் 10 பிள்ளைகள் கரும்பலகையில் கீபோர்டைக் கீறிப் படிக்க வேண்டியதுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் நான் கேட்டது.

இனி கதைக்கு வருகிறேன். கதை 2011இல் தொடங்குகிறது.

அப்போது நான் கல்வியியற் கல்லூரியில் இரண்டாம் வருடம். லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கட நானா கண்டி டவுனில் ஒரு கம்பியூட்டர் கடையில் வேலை செய்தார். வேலை என்றால் பெரும்பாலும் ஒன்றுதான்: வைரஸ் பிடித்து நின்றுபோன மெஷின்களை போர்மட் பண்ணி, கொப்பி சீடியில் இருந்து விண்டோஸ் ஏற்றிக் கொடுப்பது. அந்தக் காலத்தில் எல்லாரும் செய்தது அதைத்தான், யாரும் அதைக் களவு என்று நினைக்கவில்லை.

வாப்பா நினைத்தார். வாப்பா லொறி ஓட்டியவர். கலஹா பக்கத்துத் தோட்டங்களில் இருந்து கொழுந்து ஏற்றுவதும் உரம் இறக்குவதுமாக வாழ்க்கை போனது. எழுத்தென்றால் தமிழ் மட்டும். சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் நானாவிடம் கேட்டார்:

"மகன், நீ ஏத்துற அந்தச் சாமான், அது அவங்கட்ட சல்லி குடுத்து வாங்கினதா?"

"இல்ல வாப்பா. கொப்பிதான்."

"அவங்க கொப்பி பண்ணச் செல்லி ஈக்கிறாங்களா?"

நானா பதில் சொல்லவில்லை. உம்மா கறிச் சட்டியை நடுவில் வைத்துப் பேச்சை மாற்றினார். ஆனால் நானா அன்றைக்கு இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்றைக்கும் நினைவு.

இரண்டு கிழமை கழித்து நானா ஒரு டிவிடியோடு வந்தார். பேராதனை கெம்பஸில் படித்த ஒரு சிங்களக் கூட்டாளி கொடுத்ததாம். "வாப்பா, இங்க பாருங்க, இது கொப்பி பண்ணலாம். கொப்பி பண்ணச் செல்லியே தந்தீக்கிறாங்க."

"என்ன பேரு இதுக்கு?"

"ஹந்தானை."

வாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் பனி இல்லாத நாளில் அந்த மலைத் தொடர் தெரியும். "எந்த ஹந்தானை? இந்த ஹந்தானையா? நான் லொறி ஓட்டின ஹந்தானையா?"

ஆம், இந்த ஹந்தானைதான். ஹந்தானை லினக்ஸ்.

அதைச் செய்தவர் பெயர் தனிஷ்க நவின். நம் நாட்டுக்காரர், சிங்களவர். உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து செய்யும் பெடோரா லினக்ஸுக்கு இலங்கையில் தூதுவராக இருந்தவர். அதைச் சிங்களத்தில் மொழிபெயர்க்கும் வேலையிலும் முன்னுக்கு நின்றவர். 2009இல் அந்தப் பெடோராவை அடித்தளமாக வைத்து, நம் நாட்டு வீடுகளுக்கும் பாடசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஏற்றபடி ஒரு தொகுப்பைக் கட்டி வெளியிட்டார். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் அதில் இருந்தன. கல்விக்கான மென்பொருள்களும் டிவிடிக்குள்ளேயே இருந்தன. இன்றைய பிள்ளைகளுக்கு இது ஏன் பெரிய விடயம் என்று விளங்காது. அன்றைக்கு எங்கள் வீட்டு டொங்கலில் ஒரு சின்ன மென்பொருளை இறக்கவே இரவு முழுக்கப் போகும், காலையில் பார்த்தால் பாதியில் அறுந்திருக்கும், ரீலோட் காசும் முடிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கிக் கையில் தந்த மனிதர் அந்தக் கஷ்டத்தைத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சிலர் கேட்பீர்கள், வேறொருவர் செய்ததை எடுத்துக் கட்டுவது என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று. நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு தடவை எங்கள் பாடசாலைக்கு நேரசூசி போடும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போதுதான் விளங்கியது.

நமது பாடப்புத்தகம் பணிசெயல் முறைமை என்கிறது, இந்தியாவில் இயங்குதளம் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் வேலை நேரசூசி போடும் ஆசிரியரின் வேலைதான். லேப் ஒன்று, வகுப்புகள் பல, பாடவேளை 40 நிமிடம். யார் எப்போது உள்ளே வருவது, யார் எந்த மேசையில் இருப்பது, ஒரு வகுப்பு முடிக்காமல் இழுத்தால் யார் மணி அடித்து வெளியே அனுப்புவது. கம்பியூட்டருக்குள்ளே நினைவகம், வன்தட்டு, திரை, கீபோர்ட் எல்லாவற்றையும் நாம் திறக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் பிரித்துக் கொடுப்பது பணிசெயல் முறைமை. அது நன்றாக ஓடினால் யாருக்கும் அது இருப்பதே தெரியாது. நேரசூசியும் அப்படித்தான், பிழைத்தால் மட்டும்தான் எல்லாரும் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து என்னைத் தேடுவார்கள். பெடோரா ஆறு மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் புதிது வரும். அந்த வேகத்துக்கு ஈடு கொடுத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒன்றோடு ஒன்று முட்டாமல் ஓடுகிறதா என்று பார்த்து, மூன்று மொழியிலும் எழுத்து உடையாமல் வருகிறதா என்று சோதித்து, பிறகு இலவசமாகக் கொடுப்பது ஒருவரின் எத்தனை இரவைத் தின்னும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த டிவிடியைப் போட்டு நானா தமிழைத் தெரிவு செய்தார். வாப்பா கதிரையை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் அமர்ந்தார். அதுவரைக்கும் அவர் அந்தக் கம்பியூட்டரைத் தொட்டதில்லை. மேல் வரிசையில் இருந்த சொற்களை எழுத்துக் கூட்டி வாசித்தார். "கோப்பு... தொகு... பார்..." பிறகு சிரித்தார். "கோப்பையா? தேத்தண்ணிக் கோப்பையை இதுக்குள்ள என்னத்துக்கு வெச்சீக்கிறான்?" நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் தன் வீட்டில் இருந்த ஒரு மெஷினை வாப்பா வாசித்தது அதுதான் முதல் தடவை.

இந்த இடத்தில் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஆசிரியர்களுக்குப் பாமினி எழுத்துரு தெரியும். வினாத்தாளைப் பாமினியில் அடித்து, கஷ்டப்பட்டு, பென் டிரைவில் கொண்டுபோய் வேறு கம்பியூட்டரில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அள்ளிக் கொட்டியது போல நிற்கும். ஏனென்றால் பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போடுவது, முகமூடி இல்லாத வீட்டுக்குப் போனால் வேஷம் கலைந்துவிடும். யுனிகோட் அப்படியில்லை, அதில் தமிழுக்கென்றே தனி இலக்கங்கள். தமிழ் அதன் முதல் பதிப்பிலேயே 1991இல் இடம் பிடித்துவிட்டது. சிங்களம் 1999இல்தான் வந்தது. அதனால்தான் சிங்களப் பிள்ளைகள் நம்மைவிடப் பின்னால் நின்று ஓட வேண்டியிருந்தது. தனிஷ்க போன்றவர்கள் அவ்வளவு வேகமாக ஓடினதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அப்படி ஓடியபோதும் தமிழை விட்டுவிட்டு ஓடவில்லை. தமிழ்ச் சொற்களை மொழிபெயர்த்து வைத்தவர்கள் வேறு பலர்தான். ஆனால் அதை இலங்கைக்கு என்று கட்டிய தட்டில் சேர்த்து, கண்டியில் ஒரு லொறி டிரைவரின் வீட்டு மேசைக்கு வர வைத்தது அந்த மனிதர்.

2011 ஒக்டோபர் மாதம் ஸ்டீவ் ஜொப்ஸ் இறந்தபோது எங்கள் கல்லூரி விடுதியில்கூட அதுதான் பேச்சு. ஒரு கிழமை கழித்து டெனிஸ் ரிச்சி இறந்த செய்தி வந்தது. யாரும் பேசவில்லை. நானா மட்டும் போன் பண்ணிச் சொன்னார், "தங்கச்சி, இந்த ஆளும் கென் தொம்சனும் 1969இல் பெல் ஆய்வுகூடத்தில தொடங்கின யுனிக்ஸ் இல்லாட்டி இவங்க யாரும் இல்ல." சி மொழியும் ரிச்சி செய்ததுதான். யுனிக்ஸ் போல, ஆனால் எல்லாருக்கும் சுதந்திரமாகக் கிடைக்கும் ஒன்று வேண்டும் என்று 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்தார். அதற்கு நடுவில் இருக்க வேண்டிய கருவை 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினார், அப்போது வயது 21. இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் வராது என்று அவரே ஆரம்பத்தில் அறிவித்திருந்தார். நீங்கள் இப்போது இதை வாசிப்பது அன்ட்ரொய்ட் போனில் என்றால் அதற்குள் ஓடுவது அந்தப் பொழுதுபோக்குத்தான்.

டோர்வால்ட்ஸைப் பற்றி எனக்குப் பிடித்த விடயம் வேறு. பின்லாந்தில் பெரும்பான்மையினர் பேசுவது பின்னிஷ். அவர் வீட்டில் பேசியது சுவீடிஷ். வீட்டில் ஒரு மொழி, வெளியே கடையில் இன்னொரு மொழி, படிப்பில் ஆங்கிலம். நமக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

ஆனால் இந்த வரிசையில் என் மனதுக்கு நெருக்கமானவர் இன்னொருவர். அவர் ஓர் ஆசிரியர். கேரி கில்டோல். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அவர் குடும்பமே கப்பல் ஓட்டக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் நடத்திய குடும்பம், அவரும் அங்கே கற்பித்திருக்கிறார். பிறகு கலிபோர்னியாவில் மொன்டரேயில் கடற்படையின் பட்டமேற்படிப்புக் கல்லூரியில் கற்பித்தார். அந்த நேரம் இன்டெல் நிறுவனம் சின்னச் சின்ன சிப்களை விற்கத் தொடங்கியிருந்தது. அவற்றை ட்ராபிக் லைட்டுக்கும் கருவிகளுக்கும் போடலாம் என்றுதான் பலர் பார்த்தார்கள். இதை வைத்து ஒரு முழுக் கம்பியூட்டரே செய்யலாம் என்று பார்த்தவர் கில்டோல். படிப்பித்துக்கொண்டே இன்டெலுக்கும் வேலை செய்து, 1974இல் சிபி/எம் என்ற பணிசெயல் முறைமையை எழுதினார். மனைவி டொரதியோடு சேர்ந்து கம்பெனியும் தொடங்கினார்.

அவர் செய்த ஒரு காரியம் எங்கள் லேபுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அன்றைக்கு ஒவ்வொரு கம்பெனியின் மெஷினும் ஒவ்வொரு விதம். ஒவ்வொன்றுக்கும் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். கில்டோல் என்ன செய்தார் என்றால், மெஷினுக்கு மெஷின் மாறுகிற பகுதியை மட்டும் தனியாகப் பிரித்துச் சின்னதாக ஒதுக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் பயோஸ். மெஷின் மாறினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும், மிச்சம் அப்படியே ஓடும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மெஷின்களில் ஒரே மென்பொருளை ஓட வைக்க அப்படித்தான் வழி பிறந்தது. எங்கள் 14ஐயும் ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்த முடிகிறது என்றால் அந்த வாத்தியார் போட்ட பாதையில்தான்.

1980இல் ஐபிஎம் தன் புதிய கம்பியூட்டருக்குப் பணிசெயல் முறைமை தேடி அவரிடம் வந்தது. பேச்சு சரிவரவில்லை. மைக்ரோசொப்ட் இன்னொரு கம்பெனியிடம் இருந்து, சிபி/எம்மைப் பார்த்துச் செய்த ஒன்றை வாங்கி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. பிறகு கில்டோலுடையதையும் விற்க ஐபிஎம் சம்மதித்தது, ஆனால் விலையைப் பாருங்கள்: அது 40 டொலர், இவருடையது 240 டொலர். நம் ஆட்கள் எதை வாங்கியிருப்பார்கள்? ஐபிஎம் வந்த அன்று அவர் விமானம் ஓட்டிப் பறந்துகொண்டிருந்தார், அதனால் வாய்ப்பை விட்டார் என்று ஒரு கதை ஊரெல்லாம் பரவி, கடைசி வரைக்கும் அவரைத் துரத்தியது. நம் ஊரிலும் ஒருவர் தோற்றுவிட்டால் அதற்கு ஒரு கதை கட்டாமல் விடுவதில்லை. 1994இல் 52 வயதில் இறந்தார். அவருடைய கம்பெனி இருந்த வீட்டுக்கு முன்னால் 2014இல் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள்.

நானாவின் கதையும் பெரிய வெற்றிக் கதை இல்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹந்தானை டிவிடியை அவர் எத்தனையோ கொப்பி எடுத்தார். கடைக்கு வந்தவர்களுக்குச் சொல்லிப் பார்த்தார். பத்துப் பேருக்கு ஏற்றினால் எட்டுப் பேர் ஒரு கிழமையில் திரும்பி வந்தார்கள். "தம்பி, கேம் ஓடல்ல." "பிரிண்டர் வேல செய்யுதில்ல." "இது என்ன வேற மாதிரி ஈக்குது, பழையதையே போட்டுத் தாங்க." கடை முதலாளி ஒரு நாள் தெளிவாகச் சொல்லிவிட்டார், ஆள் கேட்பதைக் கொடு, இல்லாவிட்டால் வீட்டில் இரு. நானா வீட்டில் இருந்தார். வாப்பா அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் நான்கு மாதம் வேலை இல்லாத மகனைப் பார்ப்பது எந்த வாப்பாவுக்கும் லேசு இல்லை. 2014இல் நானா கத்தார் போனார். இன்றைக்கும் அங்கே ஒரு களஞ்சியசாலையில் பெட்டி எண்ணுகிறார். நான் கண்ட கம்பியூட்டர் ஆட்களில் அவ்வளவு கை பழகிய ஒருவரை இன்னும் நான் பார்க்கவில்லை. சிலநேரம், அன்றைக்கு வாப்பா அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் நானா இங்கேயே ஒரு கடை போட்டிருப்பார் என்று தோன்றும். நானாவிடம் ஒரு தடவை அதைச் சொன்னேன். "பைத்தியமா ஒனக்கு, அந்தக் கேள்விக்கு நான் இன்னும் நன்றி செல்றேன்" என்றார். அவர் சொல்வதை நம்புகிறேன். ஆனாலும் என் மனதில் அது ஓரமாகக் கிடக்கிறது.

வாப்பா 2019இல் மௌத்தாகிவிட்டார்.

சரி, லேபுக்கு வருவோம். கடந்த மூன்று சனிக்கிழமை நான் என்ன செய்தேன் என்றால், அதிபரிடம் சாவி வாங்கி, நானாவை வாட்ஸ்அப் வீடியோவில் வைத்துக்கொண்டு, ஐந்து மெஷின்களுக்கு லினக்ஸ் ஏற்றினேன். அந்தப் பழைய ஹந்தானை டிவிடியை வைத்து அல்ல, அதன் காலம் வேறு. பழைய மெஷினுக்கு ஏற்ற லுபுண்டு என்ற ஒன்று. இரண்டு ஜிபி ராம் உள்ளதில்கூட ஓடுகிறது. நானா அங்கே வேலைக்கு இடையில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் குபூஸும் மறு கையில் போனுமாக, "அதை அமத்தாத, அதை அமத்தாத, கீழ வா" என்று கத்திக்கொண்டிருந்தார். ஒரு மெஷினை நான் பிழையாக அமத்தி எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அதில் முக்கியமாக ஒன்றும் இருக்கவில்லை, போன வருட விளையாட்டுப் போட்டிப் படங்கள் மட்டும். மன்னிக்கவும், நீல இல்லத்தார்.

பாடத்துக்குத் தேவையானவை அனைத்தும் ஓடுகின்றன. சொல்முறை வழிப்படுத்தலும் விரிதாளும் முன்வைப்பும் லிப்ரே ஒபிஸில் செய்யலாம், பாஸ்கலும் இருக்கிறது. தமிழ் அடித்தால் தமிழாகவே நிற்கிறது. ஓடாதவற்றையும் சொல்கிறேன்: லேப் பிரிண்டர் இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது. காரியாலயத்துப் பழைய கடிதங்கள் எல்லாம் பாமினியில் இருப்பதால் காரியாலய மெஷினை நான் தொடவில்லை, தொடவும் மாட்டேன். படங்கள் வெட்டும் மென்பொருளுக்குப் பழகிய பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். புதிய கம்பியூட்டர் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. சேருங்கள், நானும் என் பங்கைத் தருகிறேன். 14 வாங்க வேண்டியதில்லை, நான்கு அல்லது ஐந்து போதும் என்கிறேன். மிச்சப் பணத்துக்கு லேப் கூரை ஒழுகுவதை முதலில் பாருங்கள்.

போன செவ்வாய்க்கிழமை தரம் 10 பிள்ளைகளை அந்த ஐந்துக்கு முன்னால் மூன்று மூன்று பேராக உட்கார வைத்தேன். மொழியைத் தமிழுக்கு மாற்றியிருந்தேன். பின் வரிசையில் இருக்கும் ஒரு மகன், வகுப்பில் வாயே திறக்காதவன், ஆங்கிலம் என்றால் தலையைக் குனிந்துகொள்வான். அவன் மெனுவைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனான். பக்கத்தில் இருந்தவன் கேட்கக் கேட்க இவன் வழி சொன்னான். பாடவேளை முடிந்து மணி அடித்த பிறகும் எழும்பவில்லை. "டீச்சர், இதை வீட்டுல போடலாமா? எங்கட வீட்டுல ஒரு பழைய லெப்டொப் ஈக்குது, நானாட. சல்லி எவ்வளவு?"

சல்லி இல்லை மகன், கொப்பி எடுத்துக்கொள் என்றேன். "கொப்பி எடுத்தா பிழையில்லையா டீச்சர்?" என்று கேட்டான். அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்துவிட்டது. ஜன்னலைத் திறக்கப் போவது போல எழும்பிப் போனேன்.

இன்னும் ஒன்பது மெஷின் மிச்சம். அதில் ஆறு எழும்புகிறது, மூன்று எழும்பவே இல்லை. ராம் போனதாக இருக்கலாம் என்கிறார் நானா. வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்கு லேப் திறந்திருக்கும். வீட்டில் பழைய டிடிஆர்3 ராம் கிடந்தால் கொண்டு வாருங்கள். ஸ்க்ரூட்ரைவர் பிடிக்கத் தெரிந்த பழைய மாணவர்கள் வந்தால் நல்லது, என்னிடம் இருக்கும் ஒன்று முனை தேய்ந்துவிட்டது. கூட்டத்தில் என்னோடு கோபித்துக்கொண்டவர்களும் வரலாம், தேத்தண்ணியும் மாலு பணிஸும் என் செலவு. லுஹருக்கு முதல் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன், பிரிண்டர் மட்டும் இடம் கொடுத்தால்.